தாய் ஒருத்தி, பெரியம்மா ஒருத்தி: மகளுக்கு எந்தக் காகிதம் வேண்டும்?

கேள்வி: நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு அரச பாடசாலையில் ஆசிரியை. வயது 39, கல்யாணம் ஆகவில்லை. என் துணைவியும் அவளுடைய மகளும் ஆறு வருடமாக என்னோடு, அம்மா என் பேரில் எழுதித் தந்த வீட்டில் இருக்கிறார்கள். மகளுக்கு இப்போது எட்டு வயது. தகப்பன் அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே விபத்தில் இறந்துவிட்டார். மகள் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். ஊரும் அப்படித்தான் நினைத்திருக்கிறது. போன மாதம் துணைவிக்கு ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. அவளுக்கு ஏதும் நடந்தால் மகள் யாரிடம் போவாள் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்தேன். வீட்டையும் வளவையும் தவிர, அப்பா வழியில் வந்த பெர்மிற் (அரச அனுமதிப்பத்திர) வயல் இரண்டு ஏக்கர் படுவான்கரையில் இருக்கிறது. இவை மகளுக்குப் போய்ச் சேருமா? நான் அவளைத் தத்தெடுக்கலாமா? விசயம் தெரிந்த அக்கா, "பேருக்கு ஒருத்தரைக் கட்டு, பிறகு சோடியாகத் தத்தெடு" என்கிறா. சுவிஸில் இருக்கும் தோழி, "இங்க வந்து ரெண்டு பேரும் பதிவு பண்ணுங்க" என்கிறாள். மகளுக்கு எது நல்லது?

பதில்: சகோதரி, தத்தெடுக்க வேண்டாம். மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசலாம். ஆனால் இந்த ஒரு காரியத்தை அவசரப்பட்டுச் செய்துவிட்டால் திருப்பி எடுக்க முடியாது.

தத்தெடுப்பதை அரச தமிழில் மகவேற்பு என்பார்கள். 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் அதற்கு அடிப்படை. தனியாளாக ஒரு பெண் விண்ணப்பிக்க அதில் தடையில்லை. விண்ணப்பிப்பவருக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும், பிள்ளையை விட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் சரி. பெற்ற தாயின் சம்மதம் வேண்டும், அதுவும் கிடைக்கும். சிக்கல் ஆணை வந்த பிறகுதான் தொடங்கும். மகவேற்பு ஆணை வந்த அந்த நிமிடமே பிள்ளை மீது பெற்றவளுக்கு இருந்த உரிமையும் கடமையும் சட்டத்தில் அற்றுப்போகும். நீங்கள் தாய் ஆவீர்கள், உங்கள் துணைவி அந்நியம் ஆவாள். இப்போது உங்களுக்கு இருக்கும் பயம் முழுவதும் அப்படியே அவள் தலைக்கு மாறும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு பேரும் சேர்ந்து தாய்மாராக முடியாதா என்று கேட்பீர்கள். ஒன்றுக்கு மேற்பட்டவர் ஒரே பிள்ளையை ஏற்பதென்றால் அவர்கள் கணவன் மனைவியாக இருந்து கூட்டாக விண்ணப்பிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. உங்கள் துணைவி நாளைக்கு ஒரு ஆண்மகனை மறுமணம் செய்தால், அந்த ஆளும் அவளும் கூட்டாக விண்ணப்பம் போட்டு அவர் மகளுக்குச் சட்டப்படி தகப்பனாகலாம், அவளும் தாயாகவே இருப்பாள். ஆறு வருடம் சோறூட்டிப் பள்ளிக்குக் கூட்டிப்போன உங்களுக்கு அந்த வழி இல்லை. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவாளர் உங்கள் இருவரின் விவாகத்தைப் பதியமாட்டார். விவாகம் இல்லாததால் கூட்டு மகவேற்பும் இல்லை. விவாகச் சட்டம் பிள்ளையின் பக்கத்தில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை, ஆனால் அடி பிள்ளைக்குத்தான் விழுகிறது. கல்யாணச் சான்றிதழ் ஒன்று தானாகச் செய்துவிடுகிற பத்து வேலையை நீங்கள் பத்துக் காகிதத்தால் செய்ய வேண்டியிருக்கிறது. அதில் இரண்டொன்றை எந்தக் காகிதத்தாலும் செய்ய முடியாது.

அக்கா சொன்ன "பேருக்கு ஒரு கல்யாணம்" பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே எழுத வேண்டும். நம் பக்கத்தில் இந்த யோசனை அடிக்கடி வருகிறது, அதன் கெடுதி வெளியே தெரிவதில்லை. அந்த ஆளும் நீங்களும் சோடியாக மகளைத் தத்தெடுத்தால், மேலே சொன்னபடி பெற்ற தாய் வெளியே போய்விடுவாள். உள்ளே வருவது யாரோ ஒருத்தர், அதுவும் முழுத் தகப்பனாக. சொத்துக்கும் ஆபத்து. மட்டக்களப்புத் தமிழருக்குத் தேசவழமை பொருந்தாது, அது வடமாகாணத்துச் சட்டம். தாய்வழியாகச் சொத்துப் போகும் பழைய முக்குவர் வழமையும் இப்போது நடைமுறையில் இல்லை. நமக்கு 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம்தான். அதன்படி உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் சொத்தில் பாதி உயிரோடு இருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ போகும். அம்மா தந்த வீட்டில் பாதியை "பேருக்கு" வந்தவருக்குக் கொடுக்கச் சம்மதமா? முன்னமே உயில் எழுதி வைத்திருக்கிறேன் என்று இருந்துவிடவும் முடியாது, உயில் எழுதியவர் பிறகு கல்யாணம் செய்தால் அந்த உயில் ரத்து. கடைசியில் பிரிய வேண்டும் என்றால் விபச்சாரம், வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, விவாகத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை, இந்த மூன்றில் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். "ரெண்டு பேரும் விரும்பித்தான் பிரியிறம்" என்பது இந்த நாட்டில் இன்னும் விவாகரத்துக்குக் காரணமாகவில்லை.

இதே யோசனையை வேறு விதமாகச் செய்பவர்களும் உண்டு: ஒரு ஆணைப் பதிவுக்கு மட்டும் கட்டி, பிறகு தன் துணைவியோடு இருந்து பிள்ளை பெறுவது. சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி விவாகம் நிலவும் காலத்தில், அல்லது விவாகம் முடிந்து 280 நாளுக்குள் தாய் மறுமணம் செய்யாதிருக்கப் பிறக்கும் பிள்ளை அந்தக் கணவனின் பிள்ளை. அவருக்கும் தாய்க்கும் அந்தக் காலத்தில் தொடர்பே இருந்திருக்க முடியாது, அல்லது அவர் ஆண்மையற்றவர் என்று காட்டினால் தவிர அதை அசைக்க முடியாது. கல்யாணம் செய்யாத தாய், பிறப்புப் பதிவில் "சும்மா ஒரு பேர்" என்று கூட்டாளியின் பெயரைத் தகப்பனாகப் போடுவதும் இதே ரகம். விவாகம் இல்லாவிட்டால் தாயும் தகப்பன் என்று ஒப்புக்கொள்பவரும் சேர்ந்து கேட்டால்தான், அல்லது நீதிமன்றம் கட்டளையிட்டால்தான் தகப்பன் என்ற கூட்டில் பெயர் வரும். வந்த பிறகு பாஸ்போட்டுக்கு அவர் கையெழுத்து, பாதுகாவல் வழக்கில் அவர் ஒரு தரப்பு என்று அவர் பின்னாலேயே திரிய வேண்டும். பொய்த் தகவல் கொடுத்தது குற்றம் என்பது வேறு. கூடு வெறுமையாக இருந்தால் ஒரு நாள் கூச்சம், அவ்வளவுதான். பிறப்பை 42 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். உங்கள் மகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அவள் விவாகத்துக்குள் பிறந்தவள், தகப்பன் பெயர் சரியாக இருக்கிறது, தகப்பனின் இறப்புச் சான்றிதழும் இருக்கும். அதில் மூன்று பிரதி எடுத்து வையுங்கள், எல்லாவற்றுக்கும் கேட்பார்கள்.

இனி ராத்திரி முழுக்க யோசித்த கேள்விக்கு வருவோம். தகப்பன் இல்லாததால் இப்போது மகளின் ஒரே இயற்கைப் பாதுகாவலர் தாய்தான். தாயும் இறந்தால் பிள்ளைக்கு மேல்நிலைப் பாதுகாவலர் மாவட்ட நீதிமன்றம். நீதிமன்றத்தில் வந்து நிற்கக்கூடியவர்கள் அப்பப்பா, அப்பம்மா, தாயின் அம்மா, தாயின் சகோதரிகள், பிறகு நீங்கள். இந்த வரிசையில் உங்களுக்குத் தானாகக் கிடைக்கும் இடம் கடைசி. அதை முன்னுக்குக் கொண்டுவர மூன்று வழி இருக்கிறது, மூன்றையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

ஒன்று, துணைவியின் உயில். தனக்குப் பின் மகளுக்கும் அவள் சொத்துக்கும் பாதுகாவலர் நீங்கள் என்று அவள் அதில் எழுத வேண்டும். உங்களுக்கும் ஏதும் நடந்துவிட்டால் யார் என்று இரண்டாவது பெயரும் வேண்டும். அந்த இரண்டாவது பெயர் துணைவியின் சொந்தச் சகோதரியாக இருப்பது நல்லது. இரத்த உறவை முழுக்க ஒதுக்கவில்லை என்று நீதிமன்றத்துக்குத் தெரியும், அந்தச் சகோதரியும் எதிர்த் தரப்பாக மாறமாட்டா. உயிலில் எழுதினால் மட்டும் நீதிமன்றம் கட்டுப்பட்டுவிடாது, பிள்ளையின் நலனைத்தான் பார்க்கும். ஆனாலும் தாயின் விருப்பம் எழுத்தில் இருப்பதும் "அவ அப்பிடித்தான் சொல்லுவா" என்று நீங்கள் வாயால் சொல்வதும் ஒன்றல்ல.

இரண்டு, தேவை வந்தால் நீங்களே வழக்குக்கு முந்த வேண்டும். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 40ஆம் அத்தியாயத்தில், வயது குறைந்த பிள்ளையையும் அதன் சொத்தையும் பொறுப்பேற்கத் தகுந்த ஒருவரை நியமிக்கும்படி பிள்ளையின் உறவினரோ நண்பரோ மாவட்ட நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்று இருக்கிறது. அந்த "நண்பர்" என்ற சொல்தான் உங்களுக்குரிய கதவு. விவாகம் பற்றி அங்கே யாரும் கேட்க வேண்டியதில்லை. பிந்தினால் என்ன நடக்கும்? தகப்பன் வழி ஆட்கள் பிள்ளையைச் செத்தவீட்டில் வைத்தே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு நீங்கள் மாகாண மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டு இழுபட வேண்டும். பிள்ளை எந்த வீட்டில் நிற்கிறாளோ அந்த வீட்டுக்கு வழக்கில் ஒரு பலம் உண்டு. இழவு வீட்டில் அழுது முடிய முன்னம் சட்டத்தரணிக்குப் போன் அடிக்க வேண்டிய நிலை கொடுமைதான். ஆகவே அவர் நம்பர் இப்போதே கையில் இருக்கட்டும்.

மூன்று, சாட்சிப் பொருட்கள். "நான்தான் வளர்த்தேன்" என்று எல்லாரும் சொல்வார்கள், காட்டுபவர் சிலர்தான். பாடசாலையில் பாதுகாவலர் என்ற இடத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும், தேர்ச்சி அறிக்கையில் சில தவணை நீங்கள் கையெழுத்து வையுங்கள். தகப்பன் என்ற கூட்டில் மட்டும் உங்கள் பெயரை எழுத வேண்டாம். கிளினிக் அட்டை, ரியூசன் பற்றுச்சீட்டு, மகள் பேரில் நீங்கள் மாதாமாதம் போடும் சேமிப்புப் புத்தகம், மூவரும் ஒரே வீட்டிலக்கத்தில் வதிவதாகக் கிராம சேவகர் தரும் கடிதம், துணைவி அதே முகவரியில் இருக்கும் தேர்தல் இடாப்பு, எல்லாவற்றையும் ஒரு பைலில் சேருங்கள். ஒரே வீடு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே கை. நீதிபதி முதலில் பார்ப்பது அந்தத் தொடர்ச்சியைத்தான். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால் அவளையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்.

இதோடு சேர்த்து ஒன்று. தகப்பன் வழி ஆட்களோடு போக்குவரத்தை முறித்துவிடாதீர்கள். வருசப் பிறப்புக்கு மகளை அங்கே அனுப்புங்கள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் தகப்பனுக்குப் பிதிர்க்கடன் கொடுக்க அப்பப்பா கூப்பிட்டால் மறிக்க வேண்டாம். அப்பம்மா வீட்டில் பிள்ளைக்கு ஒரு பாய் இருந்தால் அவர்கள் பிடித்து இழுக்கத் தேவை இருக்காது. வழக்குக்குப் போகாமல் தீரும் பாதுகாவல் பிரச்சினைகள் பெரும்பாலும் இப்படித்தான் தீர்கின்றன.

சொத்து. துணைவி உயில் எழுதாமல் இறந்தாலும், மறுமணம் செய்யாதவரை, அவளுடையது முழுவதும் மகளுக்கு வரும். நீங்கள் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு ஒரு சதமும் இல்லை. பெற்றோர், சகோதரங்கள், அவர்களின் பிள்ளைகள் என்றே போகும். ஆகவே உங்கள் உயில்தான் அவசரம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி உயில் இரண்டு விதத்தில் செல்லும்: நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் முன்னிலையில். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்து ஒப்பமிட வேண்டும். ஐந்து சாட்சி வழி செலவு குறைவு, ஆனால் பிற்பாடு ஐந்து பேரையும் தேடிப் பிடிக்க வேண்டும், ஒருத்தர் கனடாவில் இருப்பார். நொத்தாரிசிடமே போங்கள். உயிலால் பயன் பெறப்போகிற எவரையும் சாட்சியாக வைக்க வேண்டாம். அது துணைவிக்கும் பொருந்தும். நிறைவேற்றுபவராக அவளைப் போடலாம். மகள் 18 வயதுக்கு முன் சொத்து கைக்கு வந்தால் யார் பார்த்துக்கொள்வது என்றும் ஒரு வரி இருக்க வேண்டும். வயது குறைந்த பிள்ளையின் காணியை மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. அது தொல்லை போலத் தெரிந்தாலும் அவளுக்குக் காவல்தான்.

உயிலை உடைக்க உறவினர் வருவார்கள் என்று பயம் இருந்தால், உயிரோடு இருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதுவது இன்னும் உறுதியான வழி. வீட்டை மகள் பேருக்கு எழுதி, சீவிய உரித்தை (சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை) உங்களுக்கும், உங்களுக்குப் பின் துணைவிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இருவரில் ஒருத்தி உயிரோடு இருக்கும்வரை யாரும் அந்த வீட்டிலிருந்து எழுப்ப முடியாது. இரண்டு இடத்தில் இந்த உறுதிகள் பிழைத்துப்போகின்றன. நன்கொடையை ஏற்றுக்கொண்டதாக ஒப்பம் வேண்டும். பிள்ளைக்காகத் தாய் உறுதியிலேயே ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைக்க வேண்டும், அது இல்லாவிட்டால் நன்கொடை நிறைவேறாது. மற்றது, "மகளுக்கு, அவளுக்குப் பின் அவள் பெண்மக்களுக்கு" என்று வழிவழியாகக் கட்டிப்போடும் வாசகம். நம் ஊரில் தாய்வழியாக வீடு போன வழக்கத்தில் வயதானவர்கள் இப்படி எழுதச் சொல்வார்கள். 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அந்த வகைக் கட்டுகளை ஒழித்துவிட்டது, எழுதினால் குழப்பம்தான் மிச்சம். உறுதி காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். நொத்தாரிசின் அலுமாரியில் பதியாமல் தூங்கும் உறுதிகள் நிறைய.

வீட்டில் ஒரு பங்கைத் துணைவி பேருக்கு எழுதும் வழியும் உண்டு. அவளிடம் போனது அவளுக்குப் பின் தானாக மகளிடம் போகும். ஆனால் பிற்காலத்தில் அவள் ஒருவரைக் கட்டினால் அதில் பாதி அவருக்கு என்பதையும், நன்கொடையைத் திருப்பி வாங்குவது லேசல்ல என்பதையும் யோசித்துச் செய்யுங்கள். எழுதுகிற கை நடுங்கினால் பொறுத்துச் செய்யலாம், உயில் இருக்கிறது.

பெர்மிற் வயல் வேறு கதை. அது அரச காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணியை உயிலால் கொடுக்க முடியாது. பின்னுரித்தாளரை (உங்களுக்குப் பின் காணியைப் பெறுபவரை) பிரதேச செயலகத்தில் நியமித்துப் பதிய வேண்டும். நியமிக்கப்படுபவர் வாழ்க்கைத் துணையாகவோ, சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள உறவினராகவோ இருக்க வேண்டும். உறவு என்றால் இரத்த உறவு. சட்டம் உங்களை வாழ்க்கைத் துணையாக ஏற்காததால் துணைவிக்கு இடமில்லை, மகளுக்கும் இடமில்லை. 2022இல் அந்த அட்டவணையைத் திருத்தி ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்பதை எடுத்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு அது நல்லது, உங்களுக்கு எதையும் மாற்றவில்லை. இதை வெல்ல வழி தேடி அலையாமல், வயலுக்கு அக்காவின் பிள்ளை ஒருத்தரை நியமித்துப் பதிந்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. "அப்பாட வயல் எங்கட ஆக்களுக்கு" என்று அவர்கள் மனம் ஆறும், வீட்டை மகளுக்கு எழுதும்போது எதிர்ப்புக் குறையும். நியமனத்தைப் பிறகு மாற்றவும் முடியும். முழு உரித்தாக மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு அந்தக் காணிக்குக் கிடைத்தால் கணக்கை அப்போது மறுபடி பார்க்கலாம்.

உங்கள் சம்பளத்தில் கழியும் விதவைகள், தபுதாரர் (மனைவியை இழந்தவர்), அநாதைகள் ஓய்வூதியப் பணம் சட்டம் ஏற்கும் துணைக்கும் பிள்ளைக்கும் உரியது. மகளுக்கு அது வராது. அந்த இடைவெளியை ஆயுள் காப்புறுதியால் நிரப்புங்கள், வங்கிக் கணக்குகளுக்கும் பின்னுரித்தாளரைப் பெயரிடுங்கள். துணைவி தனியார் வேலையில் இருந்தால் சேமலாப நிதிப் படிவத்தில் இறந்த கணவரின் பெயரே இன்னும் கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஆசுப்பத்திரிக்கும் பாடசாலைக்கும் ஒரு சத்தியக் கடதாசி போதும். தாய் சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிடட்டும்: மகளின் முழுப் பெயர், பிறப்புச் சான்றிதழ் இலக்கம், இருவரின் அடையாள அட்டை இலக்கம், தான் இல்லாத வேளையில் சிகிச்சைக்குச் சம்மதம் தரவும் பாடசாலையிலிருந்து கூட்டிவரவும் உங்களுக்கு அனுமதி, தாயின் தொலைபேசி. மூன்று மூலப்பிரதி: ஒன்று அதிபரிடம், ஒன்று வீட்டில், ஒன்று உங்கள் கைப்பையில். வருடத்துக்கு ஒருமுறை புதுத் திகதியில் எழுதுங்கள், நாலு வருடப் பழைய கடதாசியைப் பார்த்தால் வார்டில் முகம் சுளிப்பார்கள். உயிர் போகும் அவசரத்தில் வைத்தியர் கையெழுத்துக்காகக் காத்திருக்கமாட்டார். ஆனால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பார், அந்த இடத்துக்குத்தான் இது. பலர் இதற்கு அற்றோணித் தத்துவம் (தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அற்றோணித் தத்துவம் எழுதிக்கொடுத்தவர் இறந்ததும் செத்துவிடும். நீங்கள் பயப்படுகிற நாளில் அது வெறும் தாள்.

மகள் பாடசாலையில் இருப்பதால் உங்களுக்குத் தேவைப்படாது, ஆனால் இதே நிலையில் சின்னப் பிள்ளை உள்ளவர்களுக்காக ஒன்று. தரம் 1 அனுமதியில் அண்மைக்காலச் சுற்றறிக்கைகளின்படி 50 வீதம் அருகில் வசிப்போருக்கு, 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் சகோதரர் படிப்போருக்கு. பழைய மாணவி நீங்கள் என்றால் அந்தப் புள்ளி கிடைக்காது, பெற்ற தாயின் பள்ளிக்கூடம்தான் கணக்கு. வீட்டு உறுதி உங்கள் பேரில் இருப்பதும் அவளுக்கு உதவாது. அதனால் தாய் பேரில் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் ஒன்றைச் சில வருடம் முன்கூட்டியே வைத்திருப்பது நல்லது. ஒரே வீட்டில் இருப்பவரோடு வாடகை ஒப்பந்தமா என்று சிரிப்பு வரலாம், புள்ளி போடுபவருக்குக் காகிதம்தான் தெரியும்.

சுவிஸ் தோழி சொல்வது அந்த நாட்டில் சரி. 2018 தொடக்கத்திலிருந்து அங்கே துணையின் பிள்ளையை ஏற்கலாம், 2022 யூலை 1ஆம் திகதி முதல் விவாகமும் செய்யலாம். மூவரும் அங்கே குடிபோய் நிலையாக வாழ்வதென்றால் அது நல்ல வழி. ஒரு கிழமை போய்ப் பதிந்துவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்பினால் அந்தச் சான்றிதழை இங்கே காட்ட ஒரு கந்தோரும் இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: விவாகம் வந்தால் எல்லாம் வந்துவிடும் என்றும் இல்லை. தைவான் 2019இல் விவாகத்தை அனுமதித்தது, ஆனால் துணை பெற்ற பிள்ளையை ஏற்க மட்டுமே விட்டது, இருவருக்கும் பெறாத பிள்ளையைக் கூட்டாக ஏற்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் 2023 ஒக்ரோபரில் உச்ச நீதிமன்றம் விவாகத்தையும் தரவில்லை, மூன்றுக்கு இரண்டு என்று கூட்டுத் தத்தெடுப்பையும் தரவில்லை. விவாகம் ஒரு பூட்டு, பிள்ளை உரித்து இன்னொரு பூட்டு.

நம் நாட்டில் அதற்கும் முன்னால் ஒரு பூட்டு கிடக்கிறது, ஒரே பாலாரின் உடலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள். 1995இல் திருத்தியபோது 365அ பெண்களுக்கும் பொருந்தும்படி ஆனது. இவற்றைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது, ஆனால் அது சட்டமாக நிறைவேறவில்லை. இரண்டு பெண்கள் ஒரு வீட்டில் இருப்பதும் ஒரு பிள்ளையைச் சேர்ந்து வளர்ப்பதும் குற்றமல்ல. இருந்தாலும் பாதுகாவல் வழக்கில் எதிர்த் தரப்பு இதை வைத்துச் சேறு பூசப் பார்க்கும். ஆகவே உயிலிலோ சத்தியக் கடதாசியிலோ உங்கள் உறவுக்குப் பெயர் வைக்கத் தேவையில்லை. "பிள்ளையின் சிறுவயது முதல் அவளோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, பராமரிப்பில் பங்குகொண்டு வருபவர்" என்பது உண்மை, போதுமானது. பொய்யாக "அக்கா" என்று எழுதிவிட வேண்டாம், அந்த ஒரு சொல் பொய் என்று காட்டினால் மற்றதையும் நம்பமாட்டார்கள். உங்கள் சட்டத்தரணியிடம் மட்டும் எதையும் மறைக்காதீர்கள். கட்சிக்காரர் சொன்னதை அவர் வெளியிடக் கூடாது என்று சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு கட்டிப்போட்டிருக்கிறது. ஊர்க்காரச் சட்டத்தரணி கூச்சம் என்றால் கல்முனைக்கோ திருகோணமலைக்கோ போங்கள், உயில் எங்கே எழுதினாலும் உயில்தான். துணைவிக்கு வருமானம் குறைவென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்தில் அவள் பெயரில் கேட்டுப் பார்க்கலாம்.

மகளுக்குப் பத்து வயது தாண்டினால் மகவேற்புக்கு அவளுடைய சம்மதமும் வேண்டும். அதைச் சொல்வது ஒரு காரணத்துக்காக. துணைவி இறந்து நீங்கள் பாதுகாவலராகிவிட்ட நிலை என்றைக்காவது வந்தால், இன்றைக்கு வேண்டாம் என்று சொன்ன அதே தனியாள் மகவேற்பு அன்றைக்கு உங்களுக்குப் பொருந்தும். அறுந்துபோக அப்போது தாயின் உரிமை ஒன்று இருக்காது. அதுவரை அந்த விண்ணப்பத்தைத் தொட வேண்டாம்.

நொத்தாரிசிடம் இரண்டு பேரும் ஒரே நாளில் போங்கள், ஆனால் இரண்டு தனித்தனி உயில். கொண்டுபோக வேண்டியவை: இருவரின் அடையாள அட்டை, மகளின் பிறப்புச் சான்றிதழ், தகப்பனின் இறப்புச் சான்றிதழ், வீட்டு உறுதியும் வரைபடமும், பெர்மிற்றின் பிரதி, கணக்குப் புத்தகங்கள். துணைவி இப்போதுதான் சத்திரசிகிச்சை முடிந்து வந்திருப்பதால், சுயநினைவோடு தெளிவாக இருக்கிறா என்று வைத்தியரிடம் அதே கிழமைத் திகதியில் ஒரு துண்டு வாங்கி உயிலோடு வைத்துவிடுங்கள்.